பெர்னிஸ் வீட்டு நிலவறையில் ஒரு காலி பிளக்

பெர்னிஸ் ஜாகுஷைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமான ஆள் இந்த மாவட்டத்தில் கிடையாது. அவள் வீட்டுக்கு எதிர் வீடு என்னுடையது. ஒரே பள்ளிக்கூடத்திலிருந்து எட்டாம் வகுப்போடு இருவரும் வெளியே வந்தோம். அவள் உருளைக்கிழங்கு வயலுக்குப் போனாள், நான் மின்கம்பத்தில் ஏறினேன். அதற்குப் பிறகு நார்பர்ட் லிட்ஸா, அதாவது நான், ஒயர் இழுக்காத பால் பண்ணை இந்தப் பக்கம் ஒன்று உண்டென்றால் யாராவது காட்டட்டும், பார்ப்போம். நான் முடித்த வேலை என்று தெரிந்தால் மின்சார இன்ஸ்பெக்டர்கள் டார்ச்சை அணைத்துவிட்டுக் காப்பி இருக்கிறதா என்று கேட்பார்கள். ஆனாலும் இது என் கதை இல்லை, பெர்னிஸின் கதை. என் பெயர் நடுவில் அடிக்கடி வந்தால் அதற்கு நான் என்ன செய்ய? அவள் வாழ்க்கையின் முக்கியமான வேலையில் நானும் இருந்தேன்.

பெர்னிஸ் குள்ளம். கை மட்டும் பெரிது. சேற்றிலிருந்து கிழங்கு பொறுக்கிப் பொறுக்கி விரல்கள் விறகுக் கட்டை மாதிரி ஆகிவிட்டன. டிராக்டர் ஓட்டுவாள், மான் உரிப்பாள், சீட்டாட்டத்தில் கோயில் ஃபாதரிடமே ஏமாற்றுவாள். அழுது நான் பார்த்ததில்லை. ரேமண்டை அடக்கம் செய்த அன்றுகூட, வந்தவர்களுக்கு உருளைக்கிழங்கு சாலட் போதுமா என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

ரேமண்ட் அவள் புருஷன். நல்ல மனுஷன். மாடுகளைக் குழந்தை மாதிரி பார்ப்பான். மின்சாரத்தையும் மாடு என்றே நினைத்துவிட்டான். கயிற்றை நீட்டிக் கட்டினால் எங்கே வேண்டுமானாலும் நிற்கும் என்று. அவர்கள் வீட்டு நிலவறையில் அவனே ஒயரிங் செய்தான். விளக்கு, ஊற்றுநீரை வெளியே தள்ளும் பம்ப், மான் இறைச்சி வைக்கும் பெரிய ஃப்ரீசர், சுவரில் இருந்த பிளக்குகள், எல்லாம் ஒரே சர்க்யூட். "இது தாங்காது ரேமண்டு" என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னவன் நான். "இதுவரைக்கும் தாங்குதே" என்பான்.

எங்கள் பக்கத்து வீடுகளில் மேல் சமையலறை விருந்தாளிக்குக் காட்டுவதற்கு. சமைப்பதும் சாப்பிடுவதும் கீழே, நிலவறையில். அதிலும் கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை ஜாகுஷ் குடும்பம் மொத்தமும், எதிர் வீட்டு என்னையும் சேர்த்து நாற்பது பேர், பெர்னிஸின் நிலவறைக்குள் இறங்கும். அன்றைக்கு இறைச்சி கிடையாது. மீன், காளான், முட்டைக்கோஸ், பியரோகி என்கிற கொழுக்கட்டை என்று பன்னிரண்டு பண்டம். முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் சாப்பாடு. மேசையில் ஒரு தட்டும் ஒரு நாற்காலியும் காலியாக இருக்கும், சொல்லாமல் வருகிறவருக்கு. இதையெல்லாம் எங்கள் தாத்தாக்கள் போலந்திலிருந்து கொண்டு வந்தார்கள். ரோஸ்டரை மட்டும் நாங்களே சேர்த்துக்கொண்டோம். முட்டை வடிவத்தில், மூடி போட்டு, மின்சாரத்தில் சூடேறுகிற பெரிய பாத்திரம். ஒரு வான்கோழி முழுசாக உள்ளே படுக்கும். இங்கே கல்யாணமாகிப் போகிற எந்தப் பெண்ணும் ரோஸ்டர் இல்லாமல் போவதில்லை. யாருடைய விருந்துக்கும் அது இல்லாமல் வருவதுமில்லை.

ரேமண்ட் செத்த வருஷம்தான் அது நடந்தது. அவன் இல்லாத முதல் கிறிஸ்துமஸ் மாலை. எல்லோரும் எழுந்து நின்று, வெள்ளை அப்பத்தை உடைத்து ஒருவருக்கொருவர் கொடுக்கிற நேரம். ரேமண்ட் இருந்தால் ரோஸ்டர்களை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிச் சூடேற்றுவான்; அன்று அப்போதுதான் ஐந்தையும் ஒரே நேரத்தில் மூன்று எக்ஸ்டென்ஷன் ஒயர்களில் மாட்டியிருந்தார்கள். டப் என்று ஒரு சத்தம். விளக்கு போனது, பம்ப் நின்றது, ஃப்ரீசரின் உறுமல் அடங்கியது.

"ஐயோ, என் மீனு!"

"யாருடி என் கால மிதிக்கிறது?"

"நான் இல்ல, கிளாரன்ஸுதான். அவருக்கு வெளிச்சத்துலயே கால் தெரியாது."

சிரிப்பு அடங்கியதும் ஒரு குரல் தனியாகக் கேட்டது. ரேமண்டின் தங்கை, அந்தக் கிளாரன்ஸின் பெண்டாட்டி லியோனா. நகரத்துப் பக்கம் புது வீடு கட்டியிருந்தாள்.

"அண்ணி, அண்ணன் இருந்தவரைக்கும் சரி. இனிமே எதுக்கு உங்களுக்கு இந்தச் சிரமம்? அடுத்த வருஷத்துலேர்ந்து எங்க வீட்டுல வச்சுக்கலாம். எங்க ஹாலு பெருசு. படி இறங்க வேண்டியதும் இல்ல."

பெர்னிஸின் மூத்த மகள் மார்லீன் மில்வாக்கியிலிருந்து வந்திருந்தாள். அவள் மெல்லச் சொன்னாள்: "அத்தை சொல்றதும் சரிதானேம்மா. சாப்பாடு அங்க போயிட்டா, இவ்வளவு பெரிய வீட்ட நீ ஒத்தையா எதுக்குக் கட்டிக் காக்கணும்? அதையும் யோசிச்சுப் பாரு."

நான் தீக்குச்சியைக் கிழித்தபோது பெர்னிஸின் முகம் தெரிந்தது. சாலட்டை எண்ணிய முகம் இல்லை அது. மகள்கள் வருஷத்தில் ஒரு தடவை இந்த மாலைக்காகத்தான் வருகிறார்கள். இந்த மாலை போனால் வீடும் போகும். வீடு போனால் மார்லீனின் மாடி ஃப்ளாட்டில் ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலி. அவளுக்கு அது அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

"லியோனா," என்றாள். "அடுத்த வருஷமும் இங்கதான். கரண்டு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கண்ணடிச்சாலும், சாப்பாட்ட நீ எடுத்துக்க. நானே என் ரோஸ்டரத் தூக்கிட்டு உன் வீட்டுக்கு வர்றேன். இத்தன பேரு சாட்சி."

"சரி அண்ணி," என்றாள் லியோனா. அந்தக் குரலில் இனிப்பு கொஞ்சம் அதிகம்.

கோடையில், கிழங்குச் செடி பூக்கிற சமயம், பெர்னிஸ் சாலையைக் கடந்து வந்து என் கொட்டகைக் கதவைத் தட்டினாள்.

"யோவ் நார்பர்ட்டு, ஊரெல்லாம் பெரும பேசுவியே. வந்து என் நிலவறையப் பாரு."

அளவு நாடாவோடு போனேன். மின்சாரச் சட்டம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். சுவரில் எந்த இடத்திலிருந்தும் ஆறடிக்குள் ஒரு பிளக் இருக்க வேண்டும்; அதாவது பன்னிரண்டு அடிக்கு ஒன்று. அப்படியே சுவரில் குறி போட்டுக்கொண்டு போனேன். பெர்னிஸ் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"சுவருக்கா பசிக்குது?"

"என்ன?"

"சுவருக்கா பசிக்குதுன்னு கேட்டேன். ரோஸ்டரு எங்க நிக்குதோ அங்கல்ல பிளக்கு வேணும்?"

சட்டத்துக்குச் சுவர், பெர்னிஸுக்கு ரோஸ்டர். இரண்டுக்கும் சேர்த்துத்தான் போட வேண்டும் என்றேன். மாட்டுக் கொட்டகையில் நான் செய்வதும் அதுதானே. கறவை இயந்திரத்துக்கு ஒயர் இழுக்கும்போது மாடு நிற்கிற இடத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

அன்றைக்கு அவள் செய்த காரியத்தை வேறு எந்த வீட்டிலும் நான் பார்த்ததில்லை. மடக்கு மேசைகளையெல்லாம் விரித்தாள். வீட்டிலிருந்த பாத்திரங்களை, இல்லாததற்குப் பால் வாளிகளை, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். இது மார்லீனின் பியரோகி, இது சின்னவளின் பட்டாணி. படிக்குப் பக்கத்தில் ரேமண்டின் அக்கா, எதிர் மூலையில் அவன் பெரியப்பா மகள். அந்த இருவரும் ஒரு வாத்து விஷயமாக இருபது வருஷமாய்ப் பேசிக்கொள்வதில்லை. ஒருத்தி ரோஸ்டரின் ஆவிகூட இன்னொருத்தி மேல் படக்கூடாது. கடைசியில் தன்னுடைய மீனை அடுப்பை ஒட்டி வைத்தாள். பிறகு மண்டியிட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் வட்டம் போட்டாள்.

"இந்த வட்டம் ஒவ்வொண்ணுக்கும் மேல எனக்குக் கரண்டு வேணும். எவ பாத்திரத்தாலயும் எவ பாத்திரமும் அணையக்கூடாது."

கணக்கை நான் சொன்னேன். ஒரு ரோஸ்டர் பன்னிரண்டு ஆம்ப் இழுக்கும். ஒரு சர்க்யூட்டுக்கு நான் போடுகிற பிரேக்கர் இருபது தாங்கும். இரண்டை ஒன்றில் மாட்டினால் இருபத்து நான்கு, உடனே இல்லாவிட்டாலும் சில நிமிஷத்தில் சூடேறி வெட்டிவிடும். ஆகவே ஒரு ரோஸ்டருக்கு ஒரு சர்க்யூட், ஐந்துக்கு ஐந்து. பம்புக்குத் தனி, மழை ராத்திரியில் அது நின்றால் மேசை மிதக்கும். ஃப்ரீசருக்குத் தனி, உள்ளே ஒரு மான் முழுசாக இருக்கிறது. விளக்குக்குத் தனி, பிளக்கில் என்ன கூத்து நடந்தாலும் வெளிச்சம் போகக்கூடாது. ஃப்ரிட்ஜுக்கு ஒன்று, சுவரில் சட்டத்துக்காக வைக்கிற பிளக்குகளுக்கு ஒன்று. ரேமண்டின் பழைய போர்டில் ஒரு சுண்டெலிக்குக்கூட இடமில்லை. அதனால் நிலவறைக்கென்று தனியாகப் பன்னிரண்டு பிரேக்கருக்கு இடம் உள்ள சின்ன போர்டு ஒன்று வைப்பதாகச் சொன்னேன்.

"பன்னெண்டு பண்டம், பன்னெண்டு இடம். பொருத்தமாத்தான் இருக்கு," என்றாள். விரல் விட்டு எண்ணிவிட்டு, "பத்துதானே ஆச்சு? மிச்சத்துல ஒண்ணு காலியா வேணும்," என்றாள்.

"காலின்னா?"

"காலி நாற்காலிக்குப் பின்னாடி தூணு இருக்கில்ல, அதுல ஒரு பிளக்கு. தனி சர்க்யூட்டு. யாரும் அதத் தொடக்கூடாது."

"யாரும் தொடாத பிளக்குக்குத் தனி சர்க்யூட்டா? பெர்னிஸு, உனக்கென்ன கிறுக்கா?"

"அந்த நாற்காலில யாராவது உக்காந்து நீ பாத்திருக்கியா?"

"இல்ல."

"எங்க அம்மாவும் பாத்ததில்ல. அதுக்காகத் தூக்கிடலாமா?"

"நாற்காலிக்குக் கரண்டு வேண்டாமே."

"வர்றவங்க கையில என்ன இருக்கும்னு உனக்குத் தெரியுமா? இந்த ஊருல எவ வெறுங்கையோட வந்திருக்கா?"

நான் ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்த ஒரு பிளக்கை மட்டும் என் இஷ்டத்துக்குப் போட்டேன். என்ன செய்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. போர்டை மூடுகிற அன்று அவள் எண்ணிப் பார்த்து, "பதினொரு பிரேக்கர் கைப்பிடிதானே இருக்கு?" என்று கேட்டாள். "ஒண்ணு பெருசு, ரெண்டு இடம் பிடிக்கும்" என்றேன். அது பொய்யில்லை.

வேலையில் பாதி அவளுடையது. சொந்த வீட்டில் சொந்தக்காரர் ஒயர் இழுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. அவள் பெயரில்தான் அனுமதி வாங்கினோம். ஏணியில் ஏறி, தலைக்கு மேல் உத்தரங்களில் துளை போட்டது அவள். தூள் முகமெல்லாம் விழுந்து, மூக்கு மட்டும் தெரியும். நான் கீழே நின்று ஒயரைத் தள்ளுவேன், அவள் மேலே இழுப்பாள். அந்த விரல்களில் சிக்கின ஒயர் திரும்பிப் போனதில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஈரத் தரை என்பதால் மின்கசிவு பட்டவுடன் வெட்டுகிற வகைக் காப்பு எங்கெங்கே இருக்கிறது என்று பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை, இருக்காது. தூணுக்கு வந்து நின்றார்.

"இது எதுக்கும்மா?"

"வராத ஆளுக்கு," என்றாள் பெர்னிஸ்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சரி என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, மேலே போய்ப் பூண்டு சாசேஜ் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த கிறிஸ்துமஸ் மாலை பனி முழங்கால் அளவு. நாலு மணிக்கே பாத்திரங்கள் இறங்கத் தொடங்கின. அவரவர் ரோஸ்டர் அவரவர் வட்டத்துக்கு மேல் உட்கார்ந்தது. சாக்கட்டி அழிந்திருந்தாலும் இடம் யாருக்கும் மறக்கவில்லை. ஐந்தையும் மாட்டினார்கள். ஒரு விளக்கும் சிமிட்டவில்லை. நான் போர்டுக்குப் பக்கத்தில் கோயில் வாசலில் நிற்கிற புனிதர் மாதிரி நின்றேன்.

லியோனா அன்றைக்குக் கசகசா நூடுல்ஸ் மட்டும் கொண்டு வந்து கொடுத்துவிட்டு உடனே கிளம்புவதாகச் சொல்லியிருந்தாள். ஆறின பண்டம், கரண்டே வேண்டாம். நட்சத்திரம் வருகிற நேரத்துக்குப் படியில் காலடிச் சத்தம். முதலில் லியோனா. பின்னால் அவள் புருஷன் கிளாரன்ஸ். அவன் கையில் பெரிய ரோஸ்டர், அதன் மூடி மேல் நாற்பது கப் பிடிக்கிற காப்பிக் கொதிகலன்.

"வந்துட்டேன் அண்ணி. கொஞ்சூண்டு காளான் சூப்பு. அப்புறம் காப்பி. இத்தன பேருக்குக் காப்பி வேணுமில்ல?"

"நூடுல்ஸ் மட்டும்தானே கொண்டாரேன்ன?"

"மனசு கேக்கல அண்ணி."

"உன் மனசு அறுவது பவுண்டு இருக்கும்டி, என் முதுகு ஒடியுது," என்றான் கிளாரன்ஸ்.

யாரும் சிரிக்கவில்லை. அந்த ரோஸ்டர் எதற்காகப் படி இறங்கி வருகிறது என்று நாற்பது பேருக்கும் தெரியும். மார்லீன் முன்னால் வந்தாள். "அத்தை, ஏதாவது ஒண்ண மட்டும் மாட்டுங்களேன்."

"ஏன்? புது ஒயரிங்குன்னு சொன்னாங்களே."

பெர்னிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "லியோனா, அங்க எங்கயும் போகாத. உனக்குன்னு தனியா வச்சிருக்கேன்," என்று தூணைக் காட்டினாள். காலி நாற்காலிக்குப் பின்னால், யாரும் தொடாத பிளக்.

லியோனா ஒரு நிமிஷம் தடுமாறினாள். சண்டைக்கு வந்தவளுக்கு நாற்காலி போட்டால் எப்படி இருக்கும்! ஆனாலும் ஜாகுஷ் ரத்தம். குனிந்து பார்த்து, "ரெண்டு மாட்ட இடமிருக்கே," என்றாள். மேல் ஓட்டையில் ரோஸ்டர், கீழ் ஓட்டையில் காப்பிக் கொதிகலன், இரண்டையும் செருகினாள்.

பெர்னிஸ் என் பக்கம் திரும்பினாள். கணக்கை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தானே. ரோஸ்டருக்குப் பன்னிரண்டு, கொதிகலனும் அதே அளவு இழுக்கும், ஆக இருபத்து நான்கு. அவள் உதடு அசைவது தெரிந்தது. "லியோனா, அதுல ஒண்ண..." என்று ஆரம்பித்தாள்.

"இருக்கட்டும்," என்றேன் நான். சத்தமாகவே சொன்னேன்.

வாசலில் குழந்தைகள் கத்தின: "நட்சத்திரம்! நட்சத்திரம்!"

எல்லோரும் எழுந்து நின்றோம். பெர்னிஸ் ஜெபம் சொன்னாள். எப்போதும் ரேமண்ட் சொல்வது. குரல் உறுதியாக இருந்தது, கண் மட்டும் தூணில் இருந்தது. கொதிகலனில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. லியோனாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபத்தில் யாருக்கு மனசு போனதோ ஆண்டவருக்குத்தான் தெரியும். ஜெபம் முடிந்தது. அப்பத்தை உடைக்கத் தொடங்கினார்கள். போன வருஷம் இருட்டானது இந்த இடத்தில்தான். பெர்னிஸ் தன் துண்டை மார்லீனுக்குக் கொடுத்தாள், மார்லீன் தங்கைக்குக் கொடுத்தாள். வாத்துச் சண்டைக்காரிகள் இருவரும் அப்பத்தை மட்டும் நீட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பிறகு கொதிகலன் களக், களக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. காப்பி வாசனை நிலவறை முழுக்கப் பரவியது.

பெர்னிஸ் அப்பத்தை நீட்டுகிற சாக்கில் என்னிடம் வந்தாள்.

"யோவ், என்னய்யா பண்ணி வச்சிருக்க?"

"மேல் ஓட்டைக்கு ஒரு சர்க்யூட்டு, கீழ் ஓட்டைக்கு ஒரு சர்க்யூட்டு. ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு. அதான் அந்தப் பெரிய கைப்பிடி."

"நான் ஒண்ணுதானே கேட்டேன்?"

"நீ விருந்தாளிக்குக் கேட்ட. நான் லியோனாவுக்குப் போட்டேன். அவளும் நம்ம பள்ளிக்கூடம்தானே."

பெர்னிஸ் சிரித்த சிரிப்பில் கிளாரன்ஸ் கையிலிருந்த ஹெர்ரிங் மீன் நழுவியது.

உட்கார இடம் பார்த்தால், நூடுல்ஸோடு வந்து உடனே கிளம்புவதாகச் சொன்ன லியோனாவுக்கும் கிளாரன்ஸுக்கும் தட்டே வைக்கவில்லை. பெர்னிஸ் அந்தக் காலி நாற்காலியை இழுத்தாள். "உக்காரு." என் நினைவில் அந்த நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கிளாரன்ஸ் ஃப்ரீசர் மேல் ஏறி உட்கார்ந்து, அடியில் மான், கையில் மீன் என்று நிம்மதியாகச் சாப்பிட்டான்.

லியோனா அப்பத்தில் மிச்சமிருந்த துண்டை உடைத்து பெர்னிஸிடம் கொடுத்தாள். "காப்பி நல்லா வந்திருக்கு அண்ணி."

"உன் காப்பிதானே."

"உங்க கரண்டு," என்றாள் லியோனா. அடுத்த வருஷம் எங்கே என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

மறுநாள் மார்லீன் காரில் சாமான் ஏற்றும்போது நான் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ரோஸ்டரைக் காணோம். "உன் பாத்திரம் எங்கம்மா?" என்றேன். "கீழயே இருக்கட்டும் மாமா. வருஷா வருஷம் எதுக்குத் தூக்கிட்டு அலையணும்?" என்றாள். வீட்டை விற்கிற பேச்சு அந்த ரோஸ்டருக்கு அடியில் புதைந்து போனது.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்திருக்க, ஜனவரியில் பெர்னிஸ் மறுபடி என் கொட்டகைக் கதவைத் தட்டினாள்.

"நார்பர்ட்டு, காலி பிளக்கு வேணும்."

"அதான் இருக்கே."

"அது லியோனாவோடது. இப்பவே போன் பண்ணிட்டா, அடுத்த வருஷம் அந்தத் தூணு எனக்குத்தானே அண்ணின்னு. காலி இடம் போயிடுச்சு. காலி இடம் இல்லாம எப்படி மேச போடுறது?"

"போர்டுல இடமில்ல பெர்னிஸு. பன்னெண்டும் நிறைஞ்சாச்சு."

"அப்ப பெரிய போர்டா வை. இத்தன பண்ணைக்கு ஒயர் இழுத்தவனுக்கு அது ஒரு வேலையா?"

வைத்தேன். இப்போது அவளுக்கு எழுபத்தொன்பது வயது. அந்த வீட்டில்தான் இருக்கிறாள். கிறிஸ்துமஸ் மாலைக்கு நாற்பது பேர் ஐம்பதாகிவிட்டார்கள். நடுவில் இரண்டு தடவை காலி பிளக்குக்கு ஆள் வந்தது. இரண்டு தடவையும் அவள் அடுத்த ஜனவரியில் என் கதவைத் தட்டினாள். இப்போது இருக்கிற காலி பிளக் படிக்கட்டுக்குக் கீழே. டிசம்பர் பிறந்ததும் நான் சோதனை விளக்கை எடுத்துக்கொண்டு போய் அதில் மாட்டிப் பார்ப்பேன். மேல் ஓட்டையிலும் எரியும், கீழ் ஓட்டையிலும் எரியும். போட்டது யார்?